சம்பந்திக்கும் எனக்கும் நடுவே முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

மாலையில் சம்பந்தியாகப் போகிறவர் வீட்டில் தேநீர். கல்யாணத் தேதி பேசப் போனோம். பேசியது முழுக்க என் முழங்கால் வலியைப் பற்றி.

பையனுடைய அம்மா நல்ல மாதிரி. "ஆத்துல நீங்க என்னதாங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கப்பல் தரைதட்டாமல் போக வேண்டுமே, அதற்காகப் படகில் போய் ஆற்றின் அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்போம் என்றேன். "கயிறு விட்டா?" இல்லை, செயற்கைக்கோள் என்றேன். படகு நிற்கும் இடத்தையும் அதன் உயரத்தையும் வானத்திலிருந்து வாங்கிக்கொள்கிறோம்; கரையில் இருக்கும் எங்கள் நிலையம் அதைத் திருத்திக் கொடுக்கும். படகிலிருந்து கீழே ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்புவதை அளக்கிறோம். அதிலிருந்து இதைக் கழித்தால் ஆற்றின் அடி கிடைத்துவிடும், இரண்டு சென்டிமீட்டர் பிசகாமல்.

அவர் கண் விரிந்தது. "ரெண்டு சென்டிமீட்டரா! நாங்க ரூமை அளந்துட்டுப் போய்க் கட்டில் வாங்கினோம், அதுவே அரை அடி கூடிப்போய் கதவு சாத்த முடியல."

சம்பந்தி சிரித்தார். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி. நான் அளக்கிற ஆற்றைத் தோண்டுகிறவரே அவர்தான் - ஒப்பந்தக் கம்பெனியின் தூர்வாரும் கப்பலுக்கு கேப்டன். அவர் சேற்றை அள்ளுவார். துறைமுகத் துறையின் அளவைப் பிரிவுத் தலைமை என்ற முறையில் நான் அளந்து பார்த்து, போதும் என்று கையெழுத்துப் போடுவேன். அலுவலகத்தில் மேடம், வீட்டில் சம்பந்தி. இதில் எங்கள் கைவரிசை எதுவும் இல்லை. என் மகள் கண்ணாடி மாற்றப் போன கடையில் அவர் மகன் கண் பரிசோதிக்கிறவன். அவ்வளவுதான்.

இருந்தாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று இயக்குநரிடம் எழுதியே கேட்டுவிட்டேன். "நேர்மையாக இருந்தால் ஆட்சேபணை இல்லை" என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருந்தால் என்றால்? 


மார்ச் 7, வெள்ளி

என் அறையில் ஒழுகல் நின்றுவிட்டது. மூன்று கடிதம் எழுதி, ஒரு தடவை சத்தமும் போட்டேன். போன மாதக் கடைசியில் மொட்டை மாடிக்குப் பூச்சு பூசினார்கள். இன்று மழை, ஒரு சொட்டு இல்லை. விடாமல் எழுதினால் வேலை நடக்கும் என்பதற்கு இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி.


மார்ச் 11, செவ்வாய்

படகுத்துறையை ஒட்டிய பகுதியைச் சம்பந்தியின் கப்பல் தோண்டி முடித்துவிட்டது. இன்று அளக்கப் போனோம். படகு ஓட்டுகிறவருக்கு நங்கூரம் என்று பெயர் - உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார் என்பதால் வந்தது. ஆனால் நூல் பிடித்தமாதிரி ஓட்டுவார்.

ஒப்பந்தப்படி ஒன்பது மீட்டர் இருக்க வேண்டும். சம்பந்தி ஒன்பது புள்ளி பூஜ்யம் ஐந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் திரையில் எட்டு அறுபத்தேழு. மேலும் கீழும் போய்ப் பார்த்தோம். எட்டு அறுபத்தாறு, எட்டு அறுபத்தெட்டு, எட்டு அறுபத்தேழு. எங்கே பார்த்தாலும் அவர் எழுதியதைவிட முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குறைவு.

நங்கூரம் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி கை வச்சுட்டாரு போல" என்றார்.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. நாட்குறிப்பில் பொய் எதற்கு? உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவரிடமே தப்பு கண்டுபிடித்துவிட்டால், பச்சை மையில் இருக்கும் அந்த "இருந்தால்" ஒழிந்துபோகும் அல்லவா?


மார்ச் 12, புதன்

கூட்டம். இயக்குநர், நான், சம்பந்தி, கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர்.

என் வரைபடத்தை விரித்து வைத்தேன். ஆழம் போதாத இடமெல்லாம் சிவப்பு. படகுத்துறை முழுக்க அம்மை போட்டமாதிரி இருந்தது. சம்பந்தி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எங்க கப்பல்லயும் அதே மாதிரி கருவிதான் இருக்கு மேடம். அதுக்கு எதிர்க்கரையில எங்க சொந்த நிலையம். அதுவும் ரெண்டு சென்டிமீட்டர்தான் பிசகும்" என்றார்.

ஆக, தலா இரண்டு சென்டிமீட்டர்கூடப் பிசகாத இரண்டு பேர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தோம்.

"படித்துறைப் பக்கத்துல உயரம் குறிச்ச கல்லு இருக்கே. உங்க கருவி, எங்க கருவி ரெண்டையும் அதுமேல வச்சுப் பாப்போம். பத்து நிமிஷ வேலை" என்றார். தணிந்துதான் கேட்டார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "எங்க நிலையத்தை மாசாமாசம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடறோம். துறையின் அளவே இறுதியானது. ஒப்பந்தத்துல இருக்கு."

"இருக்கு மேடம்" என்றார். காகிதங்களை எடுத்து அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

கழுத்துப்பட்டைக்காரர் சம்பந்தியை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். முப்பது வருஷம் கப்பல் ஓட்டினவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார். இயக்குநர் என் பக்கம் திரும்பி, "உறவுன்னும் பாக்காம பண்ணிட்டீங்க. இதுதான் வேணும்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.


மார்ச் 13, வியாழன்

மகள் பேசவில்லை. உப்பு எங்கே என்றுகூட அப்பாவிடம்தான் கேட்கிறாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருந்தது.


மார்ச் 15, சனி

சம்பந்தியிடமிருந்து ஆட்சேபக் கடிதம். இனி "மேடம்"கூட இல்லை. "தலைமை அளவையாளர் அவர்களுக்கு". மறுபடியும் தோண்டத் தயார், ஆனால் படகுத்துறைச் சுவரின் காலடியில் ஒன்பது மீட்டருக்குக் கீழே போனால் சுவர் தாங்காது, பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் தரவும் என்று கேட்டிருக்கிறார்.

பதில் எழுதினேன். ஒன்பது மீட்டர் இன்னும் எட்டப்படவே இல்லை என்பதால் கேள்வி எழவில்லை. நல்ல வாக்கியம். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவர். நாள் முழுக்க ஊரார் பேச்சை எழுதி எழுதி, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசி ஒன்பதை மிச்சம் பிடிப்பார். கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அந்தக் கல்?" என்றார்.

"என்ன கல்?"

அவருடைய ஒரு வார்த்தை முடிந்துவிட்டது. தூங்கப் போய்விட்டார்.


மார்ச் 19, புதன்

கப்பல் மறுபடியும் தோண்ட ஆரம்பித்திருக்கிறது. ஜன்னலிலிருந்து தெரிகிறது. ஆட்களுக்கு விடுப்பு ரத்தாம். ஆளுக்கு இரண்டு ஆள் வேலை. நங்கூரம் தேநீர்க் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "உங்களைப் பத்திப் பேசிக்கிறாங்க மேடம்." என்ன பேசுகிறார்கள் என்றேன். "நான் கப்பல்காரங்க பேச்சை எல்லாம் பொம்பளைங்க கிட்ட சொல்றதில்ல" என்றார்.


மார்ச் 22, சனி

மகள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு பேசுகிறாள். மூன்று மணி நேரம். நடுவில் ஒருதரம் "எங்கம்மா அப்படித்தான்" என்று கேட்டது. அந்தப் பக்கத்தில் "எங்கப்பா அப்படித்தான்" என்று சொல்லியிருப்பானாக இருக்கும்.

எப்படித்தான்?


மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நங்கூரத்தோடு மேல்பக்கத்து ஆற்றை அளக்கக் கிளம்பினேன். அங்கே போக, கான்கிரீட் தொட்டிக்குள் படகை நிறுத்தி ஏற்றி இறக்குகிற நீர்க்கதவைத் தாண்ட வேண்டும். வழக்கமாக அங்கே கருவியை நிறுத்திவிடுவோம். கான்கிரீட் தரையை அளந்து என்ன செய்ய? இன்று நிறுத்த மறந்துவிட்டேன். மகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறக்கக் காத்திருந்தபோது திரையைப் பார்த்தேன். ஆறு எண்பத்திரண்டு.

நீர்க்கதவின் தரை ஏழு இருபது. கட்டின நாளிலிருந்து ஏழு இருபது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடும், அதன்மேல் ஒரு பிடி மண் நிற்காது. ஏழு இருபதில் ஆறு எண்பத்திரண்டைக் கழித்தேன். மறுபடியும் கழித்தேன். காகிதத்தில் எழுதிக் கழித்தேன்.

"என்ன மேடம்?" என்றார் நங்கூரம்.

"கான்கிரீட் வளந்திருக்கு."

"எவ்வளவு?"

நான் சொல்லவில்லை. அவரே திரையைப் பார்த்தார். அந்த மனிதர் எழுந்து நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

படகைத் திருப்பினோம். அலுவலக மொட்டை மாடிக்கு அறுபத்து நாலு படி. எங்கள் நிலையத்தின் ஆன்டெனா அங்கேதான், ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்; அதை நம்பித்தான் ஆற்றில் ஒவ்வொரு எண்ணும் வருகிறது. ஆன்டெனா கீழே இறங்கினது தெரியாவிட்டால், கருவி ஆற்றின் அடியை அதே அளவு மேலே தூக்கிக் காட்டும்.

இறங்கியிருந்தது. இரண்டு துண்டாகத் திருகி நிறுத்திய கம்பம். பூச்சு பூச வந்தவர்கள் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மேல்துண்டை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேராக, அழகாக, ஆடாமல் மாட்டியிருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது.

மாதாந்திரப் படிவத்தில் ஏழாவது வரி: "ஆன்டெனா, கம்பம் - நேரில் பார்க்கப்பட்டது." இந்த மாதமும் டிக் போட்டிருக்கிறேன். முழங்கால் வலி. நாற்காலியிலிருந்தே பார்த்தேன்.

கீழ்த்துண்டு எங்கே? தேடவே வேண்டியிருக்கவில்லை. தேநீர் அறையில் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதமாக அதன் கீழே உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கிறேன். அளந்தேன். எழுத வேண்டியதில்லை.

அப்போதுதான் வெளியே கப்பலின் சத்தம் காதில் விழுந்தது. இன்று படகுத்துறைச் சுவரின் காலடி. என் கணக்குப்படி ஒன்பது வரைக்கும் தோண்டுகிறார்கள் என்றால், உண்மையில் ஒன்பது முப்பத்தெட்டு. சுவருக்கு மேலே படகுக்கு வரிசையில் நிற்கிற ஜனம்.

சம்பந்தியின் கைபேசிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்.

மிச்சம் இருந்தது ரேடியோதான். ஆற்றில் இருக்கிற அத்தனை கப்பலும் கேட்கும், படகுத்துறை கேட்கும், இயக்குநர் மேசையிலும் ஒன்று இருக்கிறது. ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கம்பத்தின் கீழ்த்துண்டைத் திருகி மாட்டிவிட்டால் போதும். ஆற்றுக்குக் கொஞ்சம் ஆழம் கூடுதல், அவ்வளவுதானே. சுவர் தாங்கினாலும் தாங்கும்... ஒரு நிமிஷம் முழுசாக யோசித்தேன்.

"தூர்வாரும் கப்பல், அளவைப் பிரிவு பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

"தோண்டறதை நிறுத்துங்க. உடனே."

"காரணம் சொல்லுங்க மேடம். இறுதியான அளவுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அளவு தப்பு. முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தப்பு."

கரகரவென்று இரைச்சல் மட்டும்.

"திரும்பச் சொல்லுங்க மேடம். சரியா விழல."

திரும்பச் சொன்னேன்.

"யாரோட அளவு மேடம்?"

"எங்களோடது."

"எங்களோடதுன்னா?"

"என்னோடது. நான்தான் போய்ப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். நீங்க தோண்டினது முதல்லயே சரியா இருந்துது. போதுமா?"

"கேட்டுது மேடம்" என்றார். யாரோ ஒரு கப்பல்காரர் தொண்டையைச் செருமினார்.


மார்ச் 26, புதன்

சுவரின் காலடியில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மண்ணை அதிகமாக எடுத்தாகிவிட்டது. காலையில் படகுத்துறைத் தரையில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. யாருக்கும் அடி இல்லை. படகுகள் நிறுத்தம், சுவருக்கு முட்டாகப் பாறை கொட்டப்போகிறார்கள். ஜனம் பாலத்தைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்கிறது. நானும் அதே வழியில்தான் வீட்டுக்கு நடந்தேன். முன்னால் போன ஒரு அம்மாள், கையில் இரண்டு பை, "எவனோ தப்பா அளந்தானாம், அவன் காலை உடைக்கணும்" என்றார். எவனோ என்றதில் ஒரு சின்ன ஆறுதல். கால் ஏற்கெனவே வலிக்கிறது.

நங்கூரம் கப்பலின் துணைக் கேப்டனைப் பார்த்தாராம். என் வாயிலிருந்து "நிறுத்துங்க" வந்த அந்த நொடியே சம்பந்தி பம்ப்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் அவர் சொந்தத் திருப்திக்கு.

சரி. அதில் குறை சொல்லமாட்டேன்.


மார்ச் 28, வெள்ளி

விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். முதல் கேள்வி: மொட்டை மாடிக்குப் பூச்சு பூசச் சொல்லி வற்புறுத்தியது யார்? மூன்று கடிதமும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மூன்றிலும் என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.


மார்ச் 30, ஞாயிறு

சம்பந்தி வீட்டுக்குப் போனோம். அழைக்கவில்லை, போனோம். கதவைத் திறந்தவர் பையனுடைய அம்மா. உட்காருங்கள் என்றார், தண்ணீர் கொடுத்தார், தேநீர் கொடுக்கவில்லை.

சம்பந்தி உள்ளிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "தப்பு என்மேலதான்" என்று மட்டும் வந்தது.

"அதான் ஆறே கேட்டுதே" என்றார்.

பிறகு விரல் விட்டு எண்ணினார். "பதிமூணு நாளு. அந்தப் பதிமூணு நாளும் ஆளுங்க என்னைத்தான் பாத்தாங்க. கேப்டன் தப்பாத் தோண்டிட்டாரு, நாம மறுபடியும் தோண்டறோம்னு. கம்பெனியில இருந்து எச்சரிக்கைக் கடுதாசி. முப்பது வருஷத்துல மொதக் கடுதாசி. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? வயசாயிடுச்சோ, கண்ணு சரியில்லையோன்னு. என் பையன் கிட்டயே போய்க் கண்ணைக் காட்டினேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கல்லுமேல ரெண்டையும் வச்சுப் பாப்போம்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"ஏன் வரல?"

இதற்கும் ஒத்திகை இருந்தது. நேரமின்மை, நடைமுறை, ஒப்பந்த விதி. ஆனால் வாயில் வந்தது வேறு. "நீங்க சம்பந்திங்கறதாலதான். வேற யாரு கேட்டிருந்தாலும் வந்திருப்பேன். உங்களுக்காக வந்தா, சொந்தத்துக்காக வளைஞ்சு குடுத்தாங்கன்னு பேசுவாங்களேன்னு... அதான்."

அவர் மனைவிதான் நெடுமூச்சு விட்டார். "அப்போ நீங்க வேத்தாளாவே இருந்திருக்கலாம். இவருக்கு நியாயமாவது கிடைச்சிருக்கும்."

கிளம்ப எழுந்தபோது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "எச்சரிக்கைக் கடிதத்தோட நகல் வேணும். ரத்து பண்ணச் சொல்லி இவ எழுதுவா. நான் டைப் அடிக்கிறேன்." எண்ணிப் பார்த்தேன், இந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு.

அதன்பிறகு தேநீர் வந்தது.


ஏப்ரல் 9, புதன்

கம்பெனி எச்சரிக்கையை ரத்து செய்துவிட்டது. எனக்கு ஆறு மாதம் ஆற்றில் இறங்கத் தடை. வரைபட அறையில் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை. நியாயம்தான். ஆண்டறிக்கைக்காக இயக்குநர் எழுதியதையும் பார்த்தேன்: "துறையின் விழிப்பான அளவைப் பிரிவு, பிழையைத் தானே கண்டுபிடித்து உடனடியாக நடவடிக்கை எடுத்தது." விழிப்பான. அதே கையால்தான் என் தடை உத்தரவிலும் கையெழுத்து, அதே பச்சை மை.


ஏப்ரல் 19, சனி

கப்பல் பழுதுபார்க்க நிற்பதால் சம்பந்திக்கும் வேலை இல்லை. மத்தியானம் வரைபட அறைக்கு வந்தார். வாரத்துக்கு ஒருதரம் இரண்டு பேர் கருவிகளையும் அந்தக் கல்மேல் வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஒரு விதி எழுதினோம். ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் இயக்குநரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் இயக்குநர் மாதிரி நடந்து காட்டினார். ஐயோ, சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஒரு மாதமாக நான் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.


ஏப்ரல் 27, ஞாயிறு

நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போய் கல்யாண மண்டபம் பார்த்தோம். வாசற்கதவு அகலம் போதுமா என்று சம்பந்தியம்மா கேட்க, சம்பந்தியும் நானும் ஒரே நேரத்தில் பைக்குள் கைவிட்டு அளவு நாடாவை எடுத்தோம். மண்டபக்காரர் பயந்துவிட்டார்.

பிள்ளைகள் வரவில்லை. இருவருக்கும் வேலையாம்.


மே 11, ஞாயிறு

மகள் காலையில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். பதினாறு வயசுக்குப் பிறகு அப்படி உட்கார்ந்ததில்லை. ஏதோ விஷயம் என்று புரிந்துவிட்டது, ஆனால் என்ன என்று புரியவில்லை.

"கல்யாணம் வேண்டாம்மா."

என்ன செய்தான் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். நல்லவனாம். சண்டையா? இல்லையாம்.

"நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு இருந்தீங்களே, அப்போ நாங்க தினமும் மூணு மணி நேரம் பேசினோம்மா. உங்களைப் பத்தித்தான். எப்படி சமாளிக்கிறது, ஓடிப்போய்ப் பண்ணிக்கலாமா, அப்படி இப்படின்னு. நீங்க ராசியாயிட்டீங்க. இப்போ ஃபோனை எடுத்தா, சாப்டியான்னு கேக்கறான். சாப்டேன்னு சொல்றேன். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருக்கோம்."

"அதுக்காக நாங்க மறுபடியும் சண்டை போடணுமா?"

"போட்டாலும் பிரயோஜனம் இல்லம்மா. எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன்தான் முதல்ல சொன்னான். சொன்னதும் எனக்கு மூச்சு வந்துது. அப்படி வரக்கூடாதுல்ல?"

அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? அழுகிறாளா, நிம்மதியாக இருக்கிறாளா என்று தோளில் சாய்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். பத்து நிமிஷம் கழித்துச் சமையலறையில் தனியாக நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்கெனவே தேய்த்தவை.


மே 12, திங்கள்

சம்பந்தி ஃபோன் செய்தார்.

"பையன் சொன்னான், சம்பந்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "இனிமே எப்படிக் கூப்பிடறது?"

"மேடம்னு கூப்பிடுங்க."

"அது உங்ககூட சண்டை போடறப்போ கூப்பிட்டது. வாயில வரமாட்டேங்குது."

பிள்ளைகள்மேல் கோபப்படலாமா என்று முயன்று பார்த்தோம். முடியவில்லை. பிறகு அவர், சனிக்கிழமை வரைபட அறைக்கு வரட்டுமா, விதியில் நாலாவது பிரிவு சரியாக இல்லை என்றார்.

நாலாவது பிரிவில் ஒரு குறையும் இல்லை. வாருங்கள் என்றேன்.


ஜூலை 6, ஞாயிறு

மகளுக்கு வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை. கீழே விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அவள் கைக்கு அது வரும். ஏற்றிவிட்டு வந்தோம். பெட்டி கனமென்று வண்டி கொண்டுவந்தவர் சம்பந்தி. ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ. நினைக்கட்டும்.


அக்டோபர் 10, வெள்ளி

தடை நேற்றோடு முடிந்தது. இன்று ஆற்றில். நங்கூரம் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார்.


நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. அவர் மகன் ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தான். வரும் மாதம் கல்யாணம். கலகலவென்று பேசுகிற பெண். இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டு நடுவில் என் மகள் ஃபோன் செய்தாள் - எனக்கல்ல, சம்பந்திக்கு. பத்து நிமிஷம் பேசினார்கள். என்னிடம் கொடுக்கும்போது "சரிம்மா, வெச்சுடறேன்" என்று முடித்துவிட்டாள்.

அந்தப் பெண் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே வந்தவள், என் பக்கத்தில் நின்று, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சம்பந்தியம்மா வாயைத் திறந்து மூடினார். பையன் தண்ணீர் குடித்தான். சம்பந்தி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "சொந்தக்காரங்க."

அவள் தலையாட்டிவிட்டு, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.